பெரிய விமானமும் அவசரக் கையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமில்லை, ஆற அமரப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர், இப்போது நாற்பதைத் தாண்டியவர், போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்து விமானம் ஓட்டிப் பழகுகிறாராம். "சின்ன செஸ்னா விமானம் சொன்ன பேச்சைக் கேட்கிறது சார். போயிங், ஏர்பஸ் என்று பயணிகள் விமானத்தை எடுத்தால் மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. மூக்கைத் தூக்கினால் நினைத்ததைவிட மேலே போகிறது. அழுத்தினால் நினைத்ததைவிடக் கீழே போகிறது. தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டே வருகிறேன். கோளாறு மென்பொருளிலா, ஜாய்ஸ்டிக்கிலா, என் கையிலா?"

இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த ஆட்டத்துக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். புரியாத இடங்களில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். விமானத்தில் ஆர்வமில்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

தேரும் செஸ்னாவும்

தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். தேர் கிளம்பவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். அதைத் திருப்புவது வடம் பிடிக்கும் கூட்டம் அல்ல. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவர்தான். திருப்பம் வந்த பிறகு அவர் கட்டையைப் போட்டால் தேர் எதிர்வீட்டுத் திண்ணையில் போய் நிற்கும். வருவதற்கு முன்பே போடுவார். போட்ட பிறகு தேர் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டை.

செஸ்னா 172 விமானத்தின் எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஏர்பஸ் ஏ320 எழுபது எண்பது டன். போயிங் 747-400 முழுச் சுமையோடு 400 டன்னை நெருங்கும். நிலைமம் என்ற பாடத்தை நான் எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நிறை கூடினால், அதுவும் நடுவிலிருந்து தூரத்தில் பரவியிருந்தால், சுழலத் தொடங்கவும் நேரமாகும், தொடங்கிய சுழற்சியை நிறுத்தவும் நேரமாகும். நீண்ட உடலும், என்ஜின்களைச் சுமந்த இறக்கைகளும் கொண்ட பயணிகள் விமானம் அப்படிப்பட்டது.

செஸ்னா பழகிய கை ஜாய்ஸ்டிக்கை அசைத்தவுடன் பதிலை எதிர்பார்க்கிறது. பெரிய விமானம் உடனே பதில் சொல்வதில்லை. "இன்னும் திரும்பவில்லையே" என்று கை இன்னும் கொஞ்சம் அசைக்கிறது. முதலில் கொடுத்ததும் பிறகு கொடுத்ததும் சேர்ந்து வேலை செய்யும்போது விமானம் அளவுக்கு மேல் திரும்பிவிடுகிறது. பதறிப்போய் எதிர்ப்பக்கம் அசைக்கிறோம். அங்கேயும் இதே கதை. நம் மாணவர் சொன்ன ஆட்டத்தின் முதல் காரணம் இதுதான்.

பீப்பாயும் துருத்தியும்

விமானம் வந்த சில ஆண்டுகளிலேயே தரையில் பழகும் கருவியும் வந்துவிட்டது. பிரான்சில் 1910 வாக்கில் ஆன்த்வானெத் விமானத்துக்காக ஒரு கருவி செய்தார்கள். பீப்பாயை இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இருக்கை அது. மாணவர் மேலே உட்காருவார். ஆசிரியர்கள் கீழே நின்று கையாலேயே ஆட்டிவிடுவார்கள். ஆட்டத்தைச் சமன் செய்வது மாணவரின் வேலை.

உண்மையான சிமுலேட்டரைச் செய்தவர் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் அவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். நம் ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற துருத்தி ஆர்கனிலும் உண்டு. மகன் அந்தத் துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் எடுத்து, ஒரு குட்டி விமானத்தின் அடியில் வைத்தார். குச்சியைச் சாய்த்தால் ஒரு பக்கத் துருத்தி உப்பும், மறுபக்கத்துத் துருத்தி சுருங்கும், விமானம் சாயும். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முதலில் வாங்கியவர்கள் யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். குழந்தைகள் காசு போட்டு ஏறும் ராட்டினம் மாதிரி அதை வைத்தார்கள்.

1934 பிப்ரவரியில் நிலைமை மாறியது. அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் விமான அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்து செய்து, வேலையை ராணுவ விமானப் படையிடம் கொடுத்தார். கடும் குளிர்காலம். இரவிலும் மேகத்திலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அந்த இளைஞர்களுக்குப் போதவில்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் விபத்துகளில் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் ஆறு கருவிகள் வாங்கியது, ஒன்று 3,500 டாலர் விலையில். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பத்தாயிரம் கருவிகள் அளவுக்கு உற்பத்தி வளர்ந்தது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். லிங்க் கருவி ராணுவ விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்த முக்கியப் பாடம், "உடம்பு சொல்வதை நம்பாதே, கருவி சொல்வதை நம்பு" என்பது. மேகத்துக்குள் நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே நேராகப் போவதாகத் தோன்றும். அந்தப் பொய்யை மீறக் கற்றுக்கொடுக்க ராணுவம் பயன்படுத்திய கருவி அது. கைக்கு உண்மையான உணர்வைத் தருவது அந்தப் பயிற்சியின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. இந்தக் குறை பின்னாலும் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

லான்செஸ்டரின் மெதுவான ஊஞ்சல்

இனி மூக்கு மேலும் கீழும் போகும் ஆட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் இருந்தார். கார் செய்து புகழ் பெற்றவர். சிறு மாதிரி விமானங்களைப் பறக்கவிட்டு ஆராய்ந்து 1908இல் ஒரு நூல் வெளியிட்டார். யாரும் தொடாமல் விட்டாலும் விமானம் தானாகவே மெதுவாக ஏறி இறங்கும் என்று அதில் காட்டினார். மேலே ஏறும்போது வேகம் குறையும். வேகம் குறைந்தால் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழும். கீழே இறங்கும்போது வேகம் கூடும், தூக்குவிசை கூடி மறுபடி ஏறும். உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்கும் இந்த ஊசலாட்டத்துக்கு ஃபியூகாய்ட் என்று பெயர் வைத்தார். பறத்தல் என்ற பொருளில் கிரேக்கச் சொல்லைத் தேடியவர், தப்பியோடுதல் என்ற பொருள் கொண்ட சொல்லை எடுத்துவிட்டார். பிழையோடு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தனி ஊசல் செய்முறையில் நூலின் நீளத்தை வைத்து அலைவு நேரம் கண்டுபிடித்தீர்களே, அதுபோல இதற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. விமானத்தின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து 0.45 ஆல் பெருக்கினால், ஒரு முழு அலைவுக்கு ஆகும் நொடிகள் தோராயமாகக் கிடைக்கும். நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு 108 நொடி. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்! தரையிறங்க வரும்போது வேகம் சுமார் 70 மீட்டர் என்றால் ஏறக்குறைய 32 நொடி.

இவ்வளவு மெதுவான ஆட்டத்தை நாம் இரண்டு நொடிக்கு ஒரு தடவை குச்சியை ஆட்டித் திருத்தப் பார்க்கிறோம். ஊஞ்சல் போகிற பக்கமே தள்ளினால் என்ன ஆகும்? இன்னும் உயரமாகத்தான் போகும். பெரும்பாலான விமானங்களில் இந்த ஆட்டம் விட்டுவிட்டால் தானே மெல்ல அடங்கும். இல்லாவிட்டால் மூக்கின் கோணத்தை மட்டும் ஒரே அளவில் பிடித்து வைத்தால் போதும், அடங்கிவிடும். வேகத்தையும் உயரத்தையும் துரத்திக்கொண்டு போனால் அடங்காது.

ஜெட் வந்த பிறகு

1950களில் ஜெட் பயணிகள் விமானங்கள் வந்தன. புரொப்பெல்லர் விமானங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த மூத்த விமானிகளே மறுபடி மாணவர்களானார்கள். இரண்டு புதிய சிக்கல்கள் காத்திருந்தன.

ஒன்று, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை. வேகத்துக்கு நல்லது. ஆனால் மூக்கு ஒரு பக்கம் திரும்பினால் ஒரு இறக்கை காற்றை நேராகச் சந்தித்து அதிகம் தூக்கும், மற்றது குறைவாகத் தூக்கும். விமானம் சாயும். சாய்ந்தவுடன் மூக்கு எதிர்ப்பக்கம் போகும். இப்படி மூக்கும் இறக்கையும் மாறி மாறி ஆடுவதற்கு டச்சு ரோல் என்று பெயர். பனியில் சறுக்குபவர்கள் உடலை இடம் வலமாக ஆட்டுவதைப் பார்த்து வைத்த பெயர். 1959 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பிரானிஃப் நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்படவிருந்த போயிங் 707 ஒன்றில் விமானிகளுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். சாய்வு அனுமதித்த அளவைத் தாண்டியது. மீட்கும் முயற்சியில் நான்கு என்ஜின்களில் மூன்று பிய்ந்து விழுந்தன. உள்ளே இருந்த எட்டுப் பேரில் நால்வர் இறந்தார்கள்.

பிரிட்டனில் விமானங்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பின் தலைமைச் சோதனை விமானி டி. பி. டேவிஸ், 707இன் வால் துடுப்பை உயர்த்தினால்தான் தன் நாட்டில் அனுமதி என்று உறுதியாக நின்றார். போயிங் உயர்த்தியது. இந்த ஆட்டத்தைத் தானாகவே அடக்கும் யா டாம்பர் என்ற கருவி இன்று எல்லா ஜெட் பயணிகள் விமானங்களிலும் இருக்கிறது. வீட்டுச் சிமுலேட்டரில் போயிங் காரணமில்லாமல் வாலை ஆட்டுகிறது என்று தோன்றினால், அந்தச் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல், என்ஜினின் தாமதம். புரொப்பெல்லர் விமானத்தில் திராட்டிலைத் தள்ளினால் உடனே இழுவை கிடைக்கும். இறக்கைமேல் காற்றும் பாயும். ஜெட் என்ஜின் மிகக் குறைந்த சுழற்சியில் இருந்தால் முழு விசைக்கு வரப் பல நொடி ஆகும். 1965 நவம்பர் 11 அன்று யுனைடெட் நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று சால்ட் லேக் சிட்டியில் தரையிறங்க வந்தது. வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில், நிமிடத்துக்கு 2,000 அடிக்கும் மேலாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. என்ஜின்கள் குறைந்த விசையில் இருந்தன. திராட்டிலைத் தள்ளிய நேரத்தில் காலம் கடந்துவிட்டது. ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதித் தீப்பிடித்தது. 91 பேரில் 43 பேர் இறந்தார்கள். விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. இறங்கும் வேகத்தை உரிய நேரத்தில் தடுக்காததே காரணம் என்று விசாரணை முடிந்தது.

அதே டேவிஸ் 1967இல் பெரிய ஜெட் விமானங்களைக் கையாள்வது பற்றி ஒரு நூல் எழுதினார். ஹேண்ட்லிங் தி பிக் ஜெட்ஸ் என்பது அதன் பெயர். விமானிகள் இன்றும் தேடிப் படிக்கும் நூல்.

கைக்கு உணர்வு எங்கிருந்து வருகிறது?

சின்ன விமானத்தில் குச்சிக்கும் வாலுக்கும் நடுவே கம்பியும் கப்பியும்தான். வேகம் கூடினால் காற்று வால் தகட்டை அழுத்தும், குச்சி கனக்கும். சைக்கிள் ஹாண்டில்பார் சாலையின் மேடு பள்ளத்தைச் சொல்வதுபோலக் காற்று கைக்குச் செய்தி சொல்லும்.

பெரிய ஜெட்டின் தகடுகளைக் கைப்பலத்தால் அசைக்க முடியாது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கருவி அசைக்கிறது. அப்படியானால் காற்றின் அழுத்தம் கைக்கு வராது. விமானி அறியாமல் அதிகமாக இழுத்துவிடக் கூடும். ஆகவே பொறியாளர்கள் ஸ்பிரிங்கும் ஹைட்ராலிக் அழுத்தமும் வைத்து, வேகத்துக்கு ஏற்பக் குச்சியைச் செயற்கையாகக் கனக்கச் செய்தார்கள். போயிங் 727, 737 விமானங்களில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஆக, உண்மையான விமானத்தில் விமானி உணரும் அந்தக் கனமே ஒரு வகைப் பாவனைதான். பாவனை என்றாலும் அது உண்மையைச் சொல்லும் பாவனை.

வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரே ஸ்பிரிங். தரையில் நின்றாலும் மணிக்கு 900 கிலோமீட்டரில் பறந்தாலும் ஒரே கனம். அதோடு, விமானத்தின் குச்சி நெடுந்தூரம் அசையக்கூடியது. ஜாய்ஸ்டிக் சில சென்டிமீட்டர்தான் அசையும். கையில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் திரையில் பெரிய தவறு.

டிரிம் என்ற ஏற்பாட்டிலும் இதனால் குழப்பம். உண்மையான போயிங்கில் விமானி குச்சியால் மூக்கைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டு டிரிம்மைத் திருப்புவார். கையில் இருக்கும் கனம் மெல்லக் குறைந்து மறையும். மறைந்தால் விமானம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் கனம் மறையாது. ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே இழுக்கும். டிரிம்மைக் கொடுக்கக் கொடுக்க நாம்தான் கையை மெல்ல நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இது தெரியாதவர்கள் டிரிம்மாலேயே விமானத்தை ஏற்றி இறக்கப் பார்க்கிறார்கள். ஆட்டம் இரட்டிப்பாகிறது.

1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 இதை வேறு விதமாகத் தீர்த்தது. குச்சிக்கும் தகட்டுக்கும் நடுவே கணினி. பக்கவாட்டில் ஒரு சின்னக் குச்சி, அதில் வெறும் ஸ்பிரிங், நம் வீட்டு ஜாய்ஸ்டிக் போலவே! விமானி சொல்வது "இவ்வளவு வளை" என்பதை மட்டும். விட்டுவிட்டால் கணினி அந்தப் பாதையையே பிடித்துக்கொள்ளும், டிரிம்மையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஏ320இல் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிட வேண்டிய குச்சியை விடாமல் பிடித்திருப்பவர்கள்.

வீட்டுக்கு வந்த கதை

விமான நிறுவனங்களின் சிமுலேட்டர் தனிப் பாதையில் வளர்ந்தது. 1948இல் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் போயிங் 377 விமானத்துக்குக் கர்ட்டிஸ்-ரைட் செய்த சிமுலேட்டரைப் பெற்றது. அதில் அசைவும் இல்லை, வெளிக்காட்சியும் இல்லை. 1965இல் ஸ்டூவர்ட் என்ற பொறியாளர் ஆறு கால்களில் நிற்கும் அசையும் மேடையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்றைய பெரிய சிமுலேட்டர்கள் அப்படிப்பட்ட ஆறு கால்களில்தான் நிற்கின்றன. வேகம் எடுப்பது போன்ற உணர்வைத் தர, அறையையே பின்பக்கம் சாய்ப்பார்கள். முதுகு இருக்கையில் அழுந்தும், திரையில் ஓடுபாதை நேராகத் தெரியும், மூளை அதை முடுக்கம் என்று எடுத்துக்கொள்ளும். 1980இல் அமெரிக்க அரசு, மேம்பட்ட சிமுலேட்டரில் செய்யும் பயிற்சியை விமானப் பயிற்சிக்கு ஈடாக ஏற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக், 1975இல் தன் ஆய்வேட்டில் சிறு கணினியிலேயே பறக்கும் காட்சியைக் காட்ட முடியும் என்று நிறுவினார். சப்லாஜிக் என்ற நிறுவனத்தின் வழியாக ஆப்பிள் 2 கணினிக்கு அவருடைய ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. 16 கிலோபைட் நினைவகத்தில் வெறும் கோடுகளால் ஆன உலகம். 1982இல் மைக்ரோசாஃப்ட் அதன் ஐபிஎம் கணினிப் பதிப்பை வெளியிட்டது. விண்டோஸ் 95க்கான பதிப்பில் போயிங் 737-400 வந்தது. 1990களின் நடுவில் ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேன், இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் காற்று தரும் விசையைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. 1997இல் மைக்ரோசாஃப்ட், மோட்டாரால் கையைத் திருப்பித் தள்ளும் ஜாய்ஸ்டிக் ஒன்றையும் விற்றது. சில ஆண்டுகளில் அதை நிறுத்திவிட்டார்கள். 2020இல் வந்த சிமுலேட்டரில் உலகம் முழுவதும் தத்ரூபமாகத் தெரிகிறது. கண்ணுக்குக் கிடைத்த வளர்ச்சி கைக்குக் கிடைக்கவில்லை.

கண்ணுக்கான அந்த அழகே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. காட்சி கனமாக இருந்தால் சாதாரணக் கணினி திணறும். கை அசைத்ததற்கும் திரை மாறியதற்கும் நடுவே சிறு தாமதம் விழும். சிறுசு என்று விட்டுவிடாதீர்கள். 1977 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விண்வெளி ஓடம் சோதனையாகத் தரையிறங்கியது. இளவரசர் சார்லஸ் பார்வையாளராக வந்திருந்தார். ஓடுபாதையை நெருங்கும்போது ஓடம் மேலும் கீழும், இடமும் வலமுமாக ஆடி, தொட்டு எழும்பி மறுபடி இறங்கியது. ஓட்டியவர் தேர்ந்த விண்வெளி வீரர். ஓடத்தின் கணினிகள் அவர் கையின் கட்டளையைத் தகடுகளுக்குக் கொண்டுபோவதில் இருந்த, நொடியின் ஒரு பகுதியே ஆன தாமதம் பெரிய காரணம் என்று கண்டார்கள். பிறகு நாசா ஒரு எஃப்-8 விமானத்தின் கணினியில் வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்துப் பறந்து பார்த்தது. நல்ல விமானம் நல்ல விமானியின் கையில் அதேபோல ஆடியது. ஓட்டுபவரும் இயந்திரமும் சேர்ந்து உண்டாக்கும் இந்த ஆட்டத்தை இருவரில் ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாது.

சிமுலேட்டர் தவறாகக் கற்றுக்கொடுத்தால்?

இதுவரை சொன்னது வீட்டில் விளையாடுபவரின் தொல்லை. இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

2001 நவம்பர் 12. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 என்ற ஏர்பஸ் ஏ300 நியூயார்க்கிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குக் கிளம்பியது. முன்னால் போன 747 விட்டுச்சென்ற சுழல்காற்றில் லேசாகக் குலுங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி வால் சுக்கானின் மிதியை இடம் வலமாக மாறி மாறி முழுவதும் மிதித்தார். சில நொடிகளில் வால் துடுப்பு முறிந்து பிரிந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும், தரையில் ஐந்து பேரும் இறந்தார்கள்.

மூன்று ஆண்டு விசாரணைக்குப் பின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தேவையற்ற, அளவு மீறிய சுக்கான் அசைவே காரணம் என்றது. அதோடு நிற்கவில்லை. அந்த விமானத்தின் சுக்கான் அமைப்பும் துணைக் காரணம் என்றது. வேகம் கூடும்போது மிக லேசாக மிதித்தாலே சுக்கான் முழு எல்லைக்குப் போய்விடும். நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் துணைக் காரணம் என்றது. சிமுலேட்டரில் சுழல்காற்றுப் பயிற்சி கொடுக்கும்போது, விமானம் நன்றாகச் சாயும்வரை விமானியின் அசைவுகளுக்குப் பலன் கிடைக்காதபடி கணினியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பயிற்சி கடினமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சுழல்காற்று என்றால் பயங்கரம், பலமாக எதிர்க்க வேண்டும் என்ற பாடம் அதில் பழகியவர் மனத்தில் பதிந்திருக்கக் கூடும் என்றது வாரியம்.

ஆசிரியனாக இருந்த எனக்கு இந்த அறிக்கை மற்றவர்களைவிடக் கூடுதலாக உறைக்கிறது. பாடம் நடத்தாமல் விட்டால் மாணவருக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். தவறாகப் பழக்கினால் அது கையில் ஏறிவிடும். நெருக்கடியில் மூளைக்கு முன்னால் வேலை செய்வது கைதான்.

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 இன்னொரு பாடம். உயரத்தில், இரவில், வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து ஆட்டோபைலட் விலகியது. ஏர்பஸ் ஏ330இன் கணினிப் பாதுகாப்பும் குறைந்த நிலைக்குப் போனது. விமானி முதல் அரை நிமிடம் இடம் வலம் ஆட்டத்தை அடக்கப் போராடினார், மூக்கையும் தூக்கிப் பிடித்தார். விமானம் தூக்குவிசை இழந்து சில நிமிடங்களில் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர். இரு விமானிகளின் குச்சிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஒருவர் இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. அன்றைய சிமுலேட்டர்கள் தூக்குவிசையை முழுதாக இழந்த விமானத்தைச் சரியாகக் காட்டும் திறன் பெற்றவையும் அல்ல. அமெரிக்காவில் விதிகளைத் திருத்தி, அந்த நிலையையும் காட்டும் சிமுலேட்டரில் விமான நிறுவன விமானிகள் பழக வேண்டும் என்று 2019 முதல் நடைமுறைப்படுத்தினார்கள்.

நம் மாணவருக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மென்பொருள், ஜாய்ஸ்டிக், கை மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதலில் திரையின் அழகைக் குறைத்து ஓட்டத்தைச் சீராக்குங்கள். மேகமும் கட்டடமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாமதம் குறைந்தாலே பாதி ஆட்டம் போய்விடும்.

அடுத்து ஜாய்ஸ்டிக்கின் சென்சிடிவிட்டி அமைப்பில், நடுப்பகுதியில் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் பதில் சொல்லும்படி வளைவை மாற்றுங்கள்.

போயிங்கில் டிரிம்மைப் பழகுங்கள். ஏ320இல் குச்சியை விடப் பழகுங்கள்.

சிறிதாக அசையுங்கள், நடுவுக்குக் கொண்டுவாருங்கள், மூன்று எண்ணுங்கள், என்ன ஆனது என்று பாருங்கள். பிறகுதான் அடுத்தது. முட்டுக்கட்டைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தரையிறங்கும்போது 1,000 அடிக்கு வருவதற்குள் வேகம், இறங்கும் அளவு, என்ஜின் விசை மூன்றும் நிலையாகிவிட வேண்டும். இல்லையென்றால் மேலே போய்ச் சுற்றி வாருங்கள். அப்படிச் சுற்றி வருவதை விமானிகள் தோல்வியாக நினைப்பதில்லை. என்ஜினைக் குறைந்த விசையிலேயே விட்டுவைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் நன்றாக இறக்கிவிட்டோம் என்பதால் உண்மையான விமானத்தை இறக்கிவிடலாம் என்று கை நம்பிவிட வேண்டாம். எந்தச் சிமுலேட்டரும் தனக்குக் கற்றுக்கொடுத்ததை மட்டுமே நமக்குக் கற்றுக்கொடுக்கும்.

பழக்கதோஷம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க வராது. சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் போயிங் 737ஐ உயரத்தில் சமநிலைக்குக் கொண்டுவந்து, ஆட்டோபைலட்டையும் தானியங்கித் திராட்டிலையும் அணைத்துவிட்டு, மூக்கைக் கொஞ்சம் தூக்கிக் கையை விடுங்கள். இறக்கைகள் சாய்ந்தால் மட்டும் லேசாக நேராக்குங்கள். ஓர் அலைவுக்கு எத்தனை நொடி என்று கடிகாரத்தில் பாருங்கள். வேகத்தை 0.45 ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். செஸ்னாவிலும் செய்யுங்கள். ஏ320இல் செய்யாதீர்கள், கணினி இந்த ஆட்டத்தை வரவிடாது. விடையைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அலகு போடாத விடைக்கு வழக்கம்போல் மதிப்பெண் கிடையாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.